மருந்தைக் கூட்டினால் வேகம் கூடுமா?

வேகத்தின் மேல் பித்துப் பிடித்த ஒரு பத்திரிகைக்காரரும், எதையும் ஒருமுறை செய்துபார்த்துவிடும் ஒரு துப்பாக்கிக் கம்மியரும் சேர்ந்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் நடந்தது. ‘கன்ஸ் அண்ட் அம்மோ’ பத்திரிகையின் பாப் ஹட்டனுக்கு, நொடிக்கு 5,000 அடி வேகத்தைத் தாண்டும் ஒரு தோட்டா வேண்டும். வேட்டைக்கோ போட்டிக்கோ அல்ல, தாண்டினால் போதும். பி.ஓ. அக்லி வேலையை ஏற்றுக்கொண்டார். யானை போன்ற பெருமிருகங்களை வீழ்த்த வெதர்பி நிறுவனம் வடிவமைத்திருந்த .378 மேக்னம் தோட்டாவின் தடித்த பித்தளைக் கூட்டை எடுத்தார். அதன் வாயை நெருக்கிச் சுருக்கி, முயல் வேட்டைக்குப் போகிற அளவிலான .22 குண்டை அதில் பொருத்தினார். ஜெர்மன் சொல்போல ஒலிக்கும் ஒரு கேலிப் பெயரையும் வைத்தார்: ‘எர்கெஸ்பிளிட்டன் லௌடன்பூமர்’. காதைக் கிழிக்கும் பேரிடி என்று வைத்துக்கொள்ளலாம்.

குண்டின் எடை 50 கிரெயின், அதாவது 3.2 கிராம்தான். அதன் பின்னால் குண்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட எடையுள்ள வெடிமருந்து. இடி இடித்தது. ஆனால் வேகம் 4,600 அடியோடு நின்றுவிட்டது. ஒலியைப்போல் நான்கு மடங்கு என்பது சாதாரண வேகமல்ல. ஆனாலும் இலக்கு 5,000. மருந்துக்குப் பஞ்சமே இல்லாத இடத்தில் அந்த மிச்சம் 400 அடி ஏன் வரவில்லை? தன் வீட்டு மேசையில் தோட்டா கட்டும் ஒவ்வொருவரும் சிறிய அளவில் முட்டிக்கொள்ளும் கேள்வி இது.

அமெரிக்காவில் தோட்டா கட்டுவது ஒரு பொழுதுபோக்கு. விற்பனைக்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் இருப்பது மட்டும் அதற்குப் போதாது. அங்கோ கேரேஜின் மூலையில் ஒரு கனமான மேசை, அதில் திருகி நிறுத்திய கைப்பிடி அழுத்தி, ஒரு தராசு. சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அழுத்தியில் கொடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். பின்பு அடியில் மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. காசு மிச்சம் என்று தொடங்கியவர்கள் உண்டு. பெரும்பாலானோரைப் பிடித்து வைத்திருப்பது வேறு: கடையில் வாங்கும் தோட்டாவைவிடத் தன் துப்பாக்கிக்கென்றே கட்டிய தோட்டா குறி தப்பாமல் போகும் என்ற ஆசை.

மருந்து அளக்கும் கட்டத்தில் பேச்சு நின்றுவிடும். அளவு கிரெயினில், ஒரு கிராமுக்கு சுமார் 15.4 கிரெயின். நீளத் துப்பாக்கிக்கான மருந்து பொடியாக இருக்காது. பென்சில் முனைபோன்ற சாம்பல் நிறத் துணுக்குகள். தராசின் தட்டில் முக்கால்வாசி கொட்டிவிட்டு, மீதியைச் சிறு குழாயைச் சுழற்றிச் சுழற்றி ஒவ்வொரு துணுக்காக விழவைப்பார்கள். பிரபலமான மருந்து வகை ஒன்றில் ஒரு துணுக்கின் எடை கிரெயினில் ஐம்பதில் ஒரு பங்கு. .308 வின்செஸ்டர் போன்ற நடுத்தரத் தோட்டாவில் ஒரு கிரெயின் கூட்டினால் வேகம் ஏறத்தாழ 50 அடி ஏறும். ஆக, ஒரு துணுக்கு கூடினால் நொடிக்கு ஓரடி. விரல் நுனியில் ஒட்டும் அந்த ஒற்றைத் துணுக்குக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

கடலூரில் முடிந்த வாழ்க்கை

எவ்வளவு மருந்துக்கு எவ்வளவு வேகம் என்று அளந்து சொன்ன முதல் பெரிய மனிதர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். பாத் நகரில் 1707-இல் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். போரை வெறுக்கும் சமயப் பிரிவில் பிறந்தவர் பீரங்கிக் கணிதத்தின் தந்தையானார். 1742-இல் வெளியான அவருடைய புத்தகத்தில்தான் ஊசல் பரிசோதனை வருகிறது. இரும்பாலும் மரப்பலகையாலும் ஆன, ஐம்பத்தாறு பவுண்டுக்குச் சற்று மேற்பட்ட ஊசலைத் தொங்கவிட்டு அதன் மேல் சுட்டார். ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு எடையுள்ள ஈயக் குண்டு பலகையில் புதைய, ஊசல் பின்வாங்கும். அடியில் கட்டிய நாடா எவ்வளவு இழுபட்டது என்று பார்த்தால் ஊசலின் வேகம் தெரியும்; எடைகளின் விகிதத்தால் பெருக்கினால் குண்டின் வேகம் கிடைக்கும். நொடிக்கு 1,600 அடிக்கும் மேல் என்று வந்தது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை நாடாவால் அளந்த காரியம் ஐரோப்பாவை உலுக்கியது. கணித மேதை ஆய்லர் அந்தச் சிறு புத்தகத்தை ஜெர்மனில் பெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு நீளமான விளக்கவுரையோடு 1745-இல் வெளியிட்டார்.

ராபின்ஸை நாம் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீரமைக்க அவரைத் தலைமைப் பொறியாளராக இங்கே அனுப்பியது. 1750-இல் வந்து சேர்ந்தார். கோட்டைகளுக்கான வரைபடங்கள் போட்டார், காய்ச்சலில் விழுந்தார், 1751 ஜூலையில் கடலூர் தேவனாம்பட்டினத்தின் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். வயது 44. கடலூர்க்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது சந்தேகம்தான்.

ராபின்ஸ் விட்ட இடத்தில் வுல்விச் ராணுவப் பள்ளியின் சார்லஸ் ஹட்டன் தொடர்ந்தார். 1778-இல் ராயல் சொசைட்டியில் வெளியான அவருடைய ஆய்வு சிறு பீரங்கிகளைச் சுட்டு ஒரு விதியைக் கண்டது: குண்டின் வேகம் மருந்து எடையின் வர்க்கமூலத்தை ஒட்டி ஏறுகிறது. மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிக்காது, 1.4 மடங்குதான். அந்த ஆண்டின் கோப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது. காரணம் சிக்கலானதல்ல. மருந்து தருவது ஆற்றல். ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தை இரட்டிக்க நான்கு மடங்கு ஆற்றல் தேவை.

இந்தக் கணக்கெல்லாம் கரிமருந்துக்கு. வெடியுப்பு, கந்தகம், கரி கலந்த அந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. ஆண்ட்ரூ நோபிளும் ஃபிரெடரிக் ஏபலும் மூடிய எஃகுக் கலத்தில் அதை எரித்து 1875-இல் வெளியிட்ட ஆய்வில், எரிந்ததில் பாதிக்கும் மேல் வாயுவாகாமல் திடக்கழிவாகவே நின்றுவிடுவதைக் காட்டினார்கள். குழல் முழுக்க அழுக்கு, கண்ணெதிரே புகை மண்டலம்.

1884-இல் பிரான்சின் போல் வியய் இதை மாற்றினார். நைட்ரோசெல்லுலோஸைக் கரைத்துப் பசையாக்கி, தகடாக உருட்டி வெட்டிய அவருடைய ‘பி மருந்து’ புகையில்லாமல் எரிந்தது. கிட்டத்தட்ட முழுவதும் வாயுவானது. இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சு ராணுவத்தின் கையில் லெபெல் துப்பாக்கி. கையால் தோட்டா கட்டுபவரின் இன்றைய தலைவலிக்கும் வியய்தான் மூலம். அவர் கண்ட எரிதல் விதி இப்படிப் போகிறது: மருந்துத் துணுக்கு மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காக எரியும், சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும்.

அழுத்தம் எரிதலை விரட்டுகிறது, எரிதல் அழுத்தத்தை ஏற்றுகிறது. இந்தச் சுழலில்தான் எல்லாமே இருக்கிறது.

ஒரே கூட்டில் இன்னும் கொஞ்சம் மருந்து போட்டால் நடப்பதைப் பார்ப்போம். வாயு கூடுதல்; ஆனால் அது அடைபட்டுக் கிடக்கும் இடம் குறைவு. குண்டு குழலில் இரண்டு அங்குலம் நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போய்விடுகிறது. மொத்தப் பயணமே ஒரு மில்லி நொடி அளவுதான். .308 தோட்டாவுக்குப் பொதுவாக அச்சிடப்படும் அட்டவணைகளைப் பார்த்தால், மருந்தைப் பத்து சதவீதம் ஏற்றினால் வேகம் எட்டு, ஒன்பது சதவீதம் ஏறுகிறது. ஹட்டனின் விதியைவிடத் தாராளம்தான். ஆனால் உச்ச அழுத்தம் இருபது சதவீதத்துக்கும் மேல் ஏறிவிடுகிறது. வேகம் படிக்கட்டில் ஏற, அழுத்தம் இரண்டு இரண்டு படியாகத் தாவுகிறது.

அமெரிக்கத் தோட்டாத் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு .308-க்கு விதித்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. பழைய .30-06-க்கு 60,000. இது காற்று மண்டல அழுத்தத்தைப்போல் நாலாயிரம் மடங்கு. சுடுபவரின் கன்னத்திலிருந்து சில அங்குலத் தூரத்தில் ஏறி இறங்குகிறது. அதை வீட்டில் அளக்க முடியாது என்பதுதான் சங்கடம். நோபிள் கண்டுபிடித்த முறையில் ஒரு செப்பு உருளை எவ்வளவு நசுங்கியது என்று பார்ப்பார்கள். அந்தக் கணக்கு ‘செப்பு அலகு’ என்ற பெயரில் இன்னும் மருந்து அட்டவணைகளில் உலவுகிறது. ஆய்வுக்கூடங்களில் இப்போது மின்னுணரிகள் வந்துவிட்டன. கேரேஜ்காரருக்கு இருப்பதெல்லாம் ஜாடைகள். பிரைமரின் முகம் சப்பையாகியிருக்கிறதா? கூட்டின் அடியில் பளிச்சென்று ஒரு தடம் விழுந்திருக்கிறதா? போல்ட்டின் கைப்பிடி தூக்க வராமல் பிடிவாதம் பிடிக்கிறதா? இந்த ஜாடைகள் தெரியும்போது பெரும்பாலும் வரம்பு ஏற்கெனவே தாண்டப்பட்டிருக்கும். அதனால்தான் அச்சிட்ட உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் கீழே தொடங்கி, சிறு சிறு படியாக ஏறச் சொல்கிறது ஒவ்வொரு கையேடும்.

பெரிய கூடு, சின்ன லாபம்

அழுத்தத்துக்கு வரம்பு இருக்கிறது. சரி, கூட்டையே பெரிதாக்கினால்? மருந்தும் கூடும், இடமும் கூடும். மேக்னம் தோட்டாக்களின் கதை இதுதான். இதற்கு ஹோமர் பவுலி என்ற அமெரிக்கர் ஒரு எளிய சூத்திரம் வைத்திருந்தார். கணினி இல்லாத காலத்தில் அட்டையில் நகரும் கணக்குப் பட்டை அச்சிட்டுக் கொடுத்தவர் அவர். அழுத்தத்தை மாற்றாமல் கூட்டின் கொள்ளளவை மட்டும் ஏற்றினால், அந்த ஏற்றத்தில் கால்பங்குதான் வேகமாகத் திரும்பி வரும். கொள்ளளவில் பத்து சதவீதம் ஏற்றினால் வேகத்தில் இரண்டரை.

.308-க்கும் .300 வின்செஸ்டர் மேக்னத்துக்கும் குழலின் துளை ஒன்றே. கொள்ளளவில் மேக்னம் அறுபது சதவீதத்துக்கும் மேல் பெரியது. தொழிற்சாலைப் பட்டியல்களில் 180 கிரெயின் குண்டுக்கு .308 தருவது 2,620 அடி, மேக்னம் 2,960. மருந்தில் பாதிக்கும் மேல் கூடுதலாகக் கொட்டிக்கொடுத்து வாங்கிய வேகம் பதின்மூன்று சதவீதம். பவுலியின் பட்டை சொல்வதும் ஏறக்குறைய அதுவே. கூடவே தோளில் கூடுதல் உதை, சீக்கிரம் தேயும் குழல். வேகம் பதின்மூன்று ஏறினால் ஆற்றல் இருபத்தெட்டு ஏறும் என்று மேக்னம்காரர்கள் வாதிடுவார்கள். அதுவும் உண்மைதான்.

அக்லியின் பேரிடி நின்றுபோனதன் விடை இங்கேதான். மருந்து எரிந்து வாயுவானதும் அதன் எடை காணாமல் போவதில்லை. குண்டைத் தள்ளிக்கொண்டு அந்த வாயுவும் குழலில் ஓடியாக வேண்டும். அதை ஓட்டவும் ஆற்றல் வேண்டும். குண்டைவிட இரண்டு மடங்கு கனமான வாயுவைச் சுமந்த அந்தத் தோட்டா, தன் ஆற்றலில் பெரும்பகுதியைத் தன் புகையை வேகப்படுத்துவதிலேயே செலவழித்தது. ஒழுங்கான தோட்டாவிலேயே மருந்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் குண்டுக்குப் போய்ச் சேருகிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவத்திடம் மலைமலையாக மருந்து மீந்தது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜன் அதை வாங்கி, பழைய ரயில் பெட்டி ஒன்றை மாட்டுப் புல்வெளியில் நிறுத்தி அதில் சேமித்துவைத்து, தபாலில் விற்றார். தோட்டா கட்டும் பழக்கம் அமெரிக்க வீடுகளில் வேர்பிடித்ததில் அந்த மலிவு மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு. மருந்து கிடைத்தது. வேகம் எவ்வளவு என்று மட்டும் யாருக்கும் தெரியாது. அட்டவணையில் இருப்பதை நம்ப வேண்டும், அல்லது ஆசைப்பட்டதைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பழைய வேட்டைக் கதைகளில் வரும் வேகங்களை இன்று படித்தால் பல புருவங்கள் உயரும்.

1960களில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரத்துக் கென் ஓலர் வீட்டுக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் குரோனோகிராஃபைக் கொண்டுவந்தார். நான்கு அடி இடைவெளியில் இரண்டு திரைகள். முதலாவதைத் தாண்டும்போது கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். 2,700 அடி வேகத்தில் அந்த நான்கு அடியைக் கடக்க ஆகும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு. கடிகாரம் ஒரு மைக்ரோ நொடி பிசகினால் வேகம் இரண்டடி பிசகும். தொடக்கத்தில் ஒவ்வொரு சுடலுக்கும் மின்தடம் அச்சிட்ட காகிதத் திரையை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு குண்டின் நிழலைப் பிடிக்கும் ஒளியுணரிகள் வந்தன. இன்றைய டாப்ளர் ரேடார் கருவியைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

சமதளம் என்னும் மயக்கம்

கையில் கருவி வந்ததும் புதிய வழிபாடு ஒன்று பிறந்தது. பத்துத் தோட்டாக்கள், ஒவ்வொன்றிலும் முந்தையதைவிட 0.2 கிரெயின் கூடுதல். வரிசையாகச் சுட்டு வேகத்தைக் குறித்துக்கொள்வது. ஏறிக்கொண்டே போகும் எண்கள் நடுவில் ஓரிடத்தில் ஏறாமல் நிற்கும்: 2,641, 2,643, 2,642 என்பதுபோல. அதுதான் சமதளம், அங்கே மருந்து சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வேகம் மாறாது, அந்த அளவையே பிடித்துக்கொள் என்கிறார்கள். நெடுந்தூரப் போட்டிக்காரர்களிடையே இந்த முறைக்குப் பக்தர்கள் ஏராளம்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பக்தி ஆட்டம் காண்கிறது. நன்றாகக் கட்டிய தோட்டாக்களிலும் வேகம் சுடலுக்குச் சுடல் மாறும். திட்ட விலக்கம் 10 அடி என்றால் நல்ல வேலை. இரண்டு தனித்தனிச் சுடல்களின் வித்தியாசத்துக்கு அந்த விலக்கம் 14 அடி ஆகிவிடும். 0.2 கிரெயின் தருவதோ 10 அடி ஏற்றம். அப்படியானால் மருந்தைக் கூட்டிய பிறகும் அடுத்த சுடலின் வேகம் ஏறாமலோ இறங்கியோ காட்ட, தற்செயலாகவே நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. பத்துச் சுடலில் ஒன்பது இடைவெளிகள்; அதில் இரண்டு ‘சமதளங்கள்’ சும்மாவே முளைத்துவிடும். மறுநாள் அதே மருந்து, அதே துப்பாக்கியோடு வந்து சுட்டால் வேறு இடத்தில் முளைக்கும். ஒரு படிக்கு இருபது முப்பது சுடல் என்று பொறுமையாகச் சுட்டுச் சராசரி எடுத்தவர்களின் வரைபடங்களில் அந்தத் தளங்கள் கரைந்து, ஏறக்குறைய நேர்கோடுதான் மிஞ்சுகிறது. இருந்தும் வழிபாடு நிற்கவில்லை. பத்துத் தோட்டாவில் முடிகிற வேலைக்கு இருநூறு தோட்டா செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

மருந்தைக் கூட்டுவதில்தான் ஆபத்து, குறைத்தால் பத்திரம் என்று நினைப்பதும் தவறு. மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டில் அளவுக்கு மீறிக் குறைத்துப் போட்டபோது துப்பாக்கிகள் சிதறிய சம்பவங்கள் பதிவாகியுள்ளன. பாதி காலியான கூட்டில் மருந்து படுத்துக் கிடக்க, பற்றல் சீராகப் பரவாமல் போவதும், குண்டு குழலின் தொடக்கத்தில் சிக்கி நிற்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. நினைத்தபோது ஆய்வுக்கூடத்தில் நடத்திக்காட்ட முடியாததால் விவாதம் இன்னும் ஓயவில்லை. கையேடுகள் மருந்துக்கு உச்சத்தோடு கீழ்வரம்பும் அச்சிடுவது அதனால்தான்.

வெயிலுக்கும் இதில் கை உண்டு. பழைய வகை மருந்துகளில் ஃபாரன்ஹீட்டில் ஒரு டிகிரி ஏறினால் வேகம் ஓரடி, ஒன்றரை அடி ஏறும். குளிர்காலத்தில் 20 டிகிரியில் பத்திரமாகச் சுட்ட அதே தோட்டா 100 டிகிரி வெயிலில் நூறடி வேகமாகப் போகும்; அழுத்தமும் கூடவே ஏறும். வெப்பத்துக்கு அசையாத மருந்து வகைகளுக்கு இன்று பெயர்போனது ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலை. ஹாட்ஜன் நிறுவனம் அவற்றை வாங்கி அமெரிக்காவில் விற்கிறது.

நம் நீலகிரியில் குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலை உருவாக்கியது இன்னொரு வகை: கார்டைட். ஏபலும் ஜேம்ஸ் டேவரும் 1889-இல் கண்ட இந்த மருந்து சேமியாபோல நீள இழைகளாக வரும். .303 தோட்டாவில் அதைக் கொட்டி நிரப்ப முடியாது. கூட்டின் வாய் குறுகுவதற்கு முன்பே இழைக் கட்டைச் செருகிவிட்டு, பிறகுதான் கழுத்தை நெருக்குவார்கள். முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம். அதன் சுவாலை குழல்களைத் தின்றுதீர்த்தது. போயர் போருக்குப் பிறகு அதை 30 சதவீதமாக இறக்கினார்கள்.

குழல் தேய்வது இன்றைக்கும் நிற்கவில்லை. மருந்தின் சுவாலை முதலில் கடிப்பது, குண்டு கூட்டைவிட்டுக் கிளம்பும் தொண்டைப் பகுதியை. அது அரிக்க அரிக்க, அதே அளவு மருந்து தரும் வேகம் மெல்ல இறங்கும். குண்டு வரிப்பள்ளத்தைத் தொட இன்னும் சற்றுத் தூரம் பாய வேண்டியிருக்கும். போட்டிக்காரர்கள் குரோனோகிராஃபில் இருபது அடி குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டில் பழைய அளவை அடித்து, 0.4 கிரெயின் கூட்டி எழுதிக்கொள்கிறார்கள். அடுத்த சீசனில் புதுக் குழல் மாட்டியதும் அந்த 0.4-ஐ மறக்காமல் கழித்தாக வேண்டும். புதுக் குழலிலோ முதல் நூறு, இருநூறு சுடலுக்குள் வேகம் தானாகவே ஏறுவதுண்டு. அதுவரை உச்ச அளவின் பக்கம் போகாமல் காத்திருப்பார்கள்.